கண்டறிந்ததும் காணாமல் போன தகைவிலான்

வருடக் கடைசி மாதங்களில் பகாங் மாநிலத்தின் பெந்தோங் நகருக்குப் பொழுது சாயும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? கடைவீதியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கில் சின்னஞ்சிறு பறவைகள் வந்து அமரும். இரண்டு பறவைகளுக்கு இடையில் ஒரு விரல் நுழைய இடம் இருக்காது. கம்பிக்குக் கீழே காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

மலாய் மொழியில் லாயாங்-லாயாங் என்றும், தமிழில் தகைவிலான் என்றும் இவற்றுக்குப் பெயர். வடக்கே சீனா, சைபீரியா பக்கம் குளிர் தொடங்கியதும் புறப்பட்டு, நம் நாட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டு, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போய்விடும் விருந்தாளிகள் இவை.

இவற்றைப் பற்றிப் பேசும்போது முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. பறவைக்கூடு என்று கிலோ கணக்கில் விற்கிறார்களே, அந்தக் கூட்டைக் கட்டுவது தகைவிலான் அல்ல. அது உழவாரக் குருவி. மலாயில் வாலிட் என்பார்கள். சீன மொழியில் அந்தக் கூட்டுக்குத் தகைவிலான் கூடு என்ற பொருளிலேயே பெயர் வழங்குவதால் இந்தக் குழப்பம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. உழவாரக் குருவியின் கால் சுவரிலும் பாறையிலும் தொற்றிக்கொள்ளத்தான் உதவும். அதனால் கம்பியில் உட்கார முடியாது. மின்கம்பியில் சாவகாசமாக உட்கார்ந்து இறகு கோதுகிறது என்றால் அது தகைவிலான்தான்.

சரி, கம்பியில் இருப்பவை எல்லாம் ஒரே இனமா? இல்லை. பெந்தோங்குக்கு வரும் விருந்தாளிக்கு நெற்றியும் தொண்டையும் செம்மண் நிறம், மார்பின் குறுக்கே கருநீலப் பட்டை, அடிவயிறு வெண்மை. வாலின் இரு ஓரத்து இறகுகளும் கம்பிபோல் நீண்டிருக்கும். வருடம் முழுவதும் இங்கேயே இருந்து, பாலத்தடியிலும் கடை முகப்பிலும் மண்கூடு கட்டும் உள்ளூர்த் தகைவிலான் வேறு. அதற்கு மார்புப் பட்டை கிடையாது. வயிறு அழுக்கடைந்த சாம்பல் நிறம், வால் குட்டை. அண்ணாந்து பார்க்கும்போது மார்பில் பட்டை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கவனித்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படி ஆயிரமாயிரம் தகைவிலான்களுக்கு நடுவே, உலகில் எந்த நூலிலும் இடம்பெறாத ஒரு புதிய இனம் ஒளிந்திருந்தால்? நமக்கு அண்டை நாடான தாய்லாந்தில் 1968ஆம் ஆண்டில் உண்மையாகவே அப்படி நடந்தது.

இரவில் வந்த பறவை

பாங்காக்கிலிருந்து வடக்கே, பிங் நதியும் நான் நதியும் கூடிச் சாவ் பிரயா நதியாகும் இடத்தில் இருக்கிறது நக்கோன் சவான் நகரம். அதற்குப் பக்கத்தில் பூங் போராபெட் என்று பரந்து கிடக்கும் ஏரிதான் தாய்லாந்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. மீன்வளத்துக்காகச் சதுப்பு நிலத்தில் அணை போட்டு நீரைத் தேக்கி உண்டாக்கியது. தாமரையும் கோரையும் நாணலும் மண்டிக் கிடக்கும். குளிர்காலத்தில் அந்த நாணல் காடுகளில் இலட்சக்கணக்கான தகைவிலான்கள் இரவு தங்கும். சுற்றுவட்டாரத்து ஆட்கள் இருட்டிய பிறகு படகில் போய் வலை வீசி அவற்றைப் பிடிப்பார்கள். சந்தையில் அவை உணவாக விலைபோகும். கொஞ்சத்தைப் புண்ணியம் தேடுபவர்கள் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவார்கள். கூடையில் நெருக்கியடித்துக் கிடந்த அந்தப் பறவைகளில் பல, விடுதலை பெறும் நேரத்தில் குற்றுயிராக இருந்தன என்பது வேறு விஷயம்.

1960களில் ஆசிய நாடுகள் பலவற்றில், வலசை போகும் பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து செல்கின்றனவா என்று கண்டறிய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எலியட் மெக்லூர் என்ற அமெரிக்க அறிவியலாளர் அதற்குத் தலைமை தாங்கினார். பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, மீண்டும் பறக்கவிட வேண்டும். அப்படிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். நம் பெந்தோங் தகைவிலான்களும் அந்தக் காலத்தில் வளையம் மாட்டிக்கொண்டவைதான்.

தாய்லாந்தில் அந்தப் பணியில் இருந்தவர் கித்தி தோங்லோங்யா என்ற விலங்கியலாளர். 1968 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பூங் போராபெட்டின் வலைக்காரர்கள் பிடித்துக் கொடுத்த தகைவிலான்களில் ஒன்பது பறவைகள் மட்டும் வேறு மாதிரியாக இருப்பதைக் கண்டார். அவர் படித்த எந்த நூலிலும் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் வலைக்காரர்களைக் கேட்டால் அவர்களிடம் பெயர் தயாராக இருந்தது. நோக் தா போங்! வீங்கிய கண் பறவை என்று அர்த்தம். அறிவியலுக்குத்தான் அது புதிய பறவை, ஏரிக்கரைக்குப் பழைய பறவை. கண்டுபிடிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது யார் கண்டுபிடித்தது என்று கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும்.

எப்படி வேறுபடுத்துவது?

பறவையின் உடல் நீளம் சுமார் 18 செ.மீ., வால் கம்பிகளைச் சேர்க்காமல். உடம்பு முழுவதும் பச்சை மினுக்கும் கருமை. வாலுக்கு மேலே இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை. வெள்ளை இடுப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஏனென்றால் தகைவிலான் குடும்பத்தில் வெள்ளை இடுப்பு உள்ள வேறு பறவைகளும் உண்டு. இந்தப் பறவையைத் தனியாகக் காட்டுவது அதன் முகம். சாதாரணத் தகைவிலானின் அலகு சிறியது, மெல்லியது, கறுப்பு. இதன் அலகோ அகன்று தடித்த, பளிச்சென்ற பச்சை கலந்த மஞ்சள் அலகு. கண்ணைச் சுற்றிலும் வெள்ளை வளையம், கண்மணியைச் சூழ்ந்த பகுதியும் வெள்ளை. இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பவருக்குக் கண் வீங்கிப் புடைத்திருப்பதுபோல் தோன்றியதில் வியப்பில்லை.

அடுத்தது வால். பெந்தோங் தகைவிலானுக்கு நீண்டிருப்பவை வாலின் இரு ஓரத்து இறகுகள் என்று பார்த்தோம். இதற்கு நீண்டிருப்பவை நட்டநடுவில் உள்ள இரண்டு இறகுகள். நூல்போல் மெலிந்து இறங்கி, நுனியில் மட்டும் சின்னத் துடுப்புபோல் அகன்றிருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இளம் பறவைக்கு மட்டும் இந்த வால் அலங்காரம் இல்லை, உடம்பும் சற்றுப் பழுப்பு. ஆகவே வாலை மட்டும் நம்பித் தேடுபவர் இளம் பறவையைத் தவறவிட்டுவிடுவார்.

கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். காலும் பாதமும் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, வலுவானவை. தகைவிலான்கள் வானத்திலேயே வாழ்க்கை நடத்துபவை என்பதால் அவற்றுக்குக் கால் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். அப்படியானால் இந்தப் பறவைக்கு இவ்வளவு கனமான கால் எதற்கு?

அந்தக் கேள்விக்கு விடை ஆப்பிரிக்காவில் இருந்தது. காங்கோ நதிப் படுகையில் ஆற்றுத் தகைவிலான் என்று சொல்லத்தக்க ஒரு பறவை உண்டு. 1861ஆம் ஆண்டிலேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்ட அது, தன் பேரினத்தில் ஒற்றை ஆளாக நூறு வருடத்துக்கு மேல் இருந்து வந்தது. அதற்கும் தடித்த அலகு, அதற்கும் வலுவான கால். வறண்ட பருவத்தில் ஆற்றின் நடுவே மணல்திட்டுகள் வெளியே தெரியும்போது, அந்த மணலில் சாய்வாகச் சுரங்கம் தோண்டி முட்டையிடும். காங்கோ பறவைக்கு அலகும் கண்ணும் சிவப்பு, இடுப்பில் வெள்ளை இல்லை, வாலில் கம்பியும் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் எலும்பிலும் அலகிலும் காலிலும் உறவு தெரிந்தது. கித்தி தம் பறவையை அதே பேரினத்தில் வைத்தார்.

யோசித்துப் பாருங்கள், ஓர் உறவினர் காங்கோவில், மற்றவர் தாய்லாந்தில். நடுவில் ஒன்பதாயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட தூரம், அதில் எங்கும் மூன்றாவது ஆள் இல்லை! இதனால்தான் பறவையியல் உலகம் அந்த 1968ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தது. பிற்பாடு 1972ல் ஒருவர், வேறுபாடுகள் அதிகமாக இருப்பதால் தாய்லாந்துப் பறவைக்குத் தனிப் பேரினமே கொடுக்கலாம் என்று வாதிட்டார். அது பரவலாக ஏற்கப்படவில்லை.

பெயர் வைப்பதில் ஒரு முறை

புதிய இனம் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மாதிரிப் பறவை ஒன்றைப் பதப்படுத்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் போய் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி. அதன் அளவு, நிறம், நெருங்கிய இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை எல்லாம் எழுதி அச்சில் வெளியிட வேண்டும். அதோடு இரண்டு சொற்கள் கொண்ட இலத்தீன் முறைப் பெயரும் சூட்ட வேண்டும். கித்தி வைத்த பெயர் சூடோகெலிடான் சிரிந்தரே. தாய்லாந்து மன்னர் பூமிபோலின் புதல்வி இளவரசி சிரிந்தோனின் பெயர் அது. இளவரசி அப்போது சிறு வயதினர். பெண்ணின் பெயரை வைத்தால் இறுதியில் 'ஏ' ஓசை, ஆணின் பெயர் என்றால் 'ஐ' ஓசை என்பது இலக்கண விதி.

அந்த 'ஐ' கித்திக்கும் கிடைத்தது. ஆனால் அவர் அதை அறியவில்லை. 1973ல் மேற்குத் தாய்லாந்தின் குகைகளில் இரண்டு கிராம் எடையே உள்ள ஒரு குட்டி வௌவாலை அவர் கண்டெடுத்தார். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று அது. அதனை முறைப்படி விவரிப்பதற்குள் 1974 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில் பிரிட்டனின் ஜான் எட்வர்ட்ஸ் ஹில் அந்த வௌவாலுக்கு தோங்லோங்யாயி என்று பெயர் சூட்டினார்.

புதிய இனம் பிறப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. காட்டுக்கோ ஏரிக்கோ போகாமல், காப்பகத்திலும் பட்டியலிலுமே அது நடக்கும். நம் நாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளையும் நெடுஞ்சாலைப் பாலங்களையும் சுற்றிப் பறக்கும் செவ்வயிற்றுத் தகைவிலான் அதற்கு உதாரணம். கழுத்துக் குறுகிய குடுவைபோல் மண்ணால் கூடு கட்டும் பறவை இது. 1853ல் ஜான் கேசின் என்ற அமெரிக்கர் இதற்குப் பெயர் வைத்திருந்தும், பிற்பாடு வந்தவர்கள் வரிவயிற்றுத் தகைவிலானின் ஒரு கிளை என்று ஒதுக்கிவிட்டார்கள். வயிறு முழுக்க ஆழ்ந்த செங்கல் நிறம், அதில் மெல்லிய கோடுகள், வாழுமிடம் மலாய்த் தீபகற்பம் என்பதையெல்லாம் சீர்தூக்கி, 21ஆம் நூற்றாண்டில் உலகப் பறவைப் பட்டியல்கள் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டன. ஈப்போ பக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்தப் பறவை மாறவில்லை, பட்டியலில் அதன் நாற்காலி மட்டும் மாறியது.

அதற்குப் பிறகு?

பூங் போராபெட் பறவைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1968 நவம்பரில் பத்தாவது மாதிரி கிடைத்தது. 1971ன் தொடக்கத்தில் இரண்டு பறவைகள் பாங்காக் விலங்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அறிவியல் தேடுகிற பறவை என்று தெரிந்ததும் அதற்கு விலை ஏறிவிட்டது. பிறகு சுமார் 120 பறவைகள் வரை பிடிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. கூண்டில் அவை பிழைக்கவில்லை. தாய்லாந்து அரசு 1974ல் 5,000 பாட் தங்க நாணயத்தில் இந்தப் பறவையைப் பொறித்தது. 1975ல் அஞ்சல் தலையிலும் வந்தது. நாணயத்தில் பறவை ஏறிய வேளையில், ஏரியில் அது அபூர்வமாகிக்கொண்டிருந்தது.

காட்டில் சுதந்திரமாகப் பறக்கும் நிலையில் பறவையியலாளர்கள் அதைப் பார்த்து எழுதியது 1977ஆம் ஆண்டுக் காட்சியைத்தான். 1980ல் பார்த்ததாக ஒரு தகவல் உண்டு. 1986ல் ஒன்று வலையில் விழுந்ததாக ஊரார் சொன்னார்கள். 2004ல் கம்போடியாவில் கண்டதாக ஒருவர் சொன்னது உறுதிப்படவில்லை. 1980க்குப் பிறகு ஐயமில்லாத ஒரு சாட்சியும் இல்லை.

ஏன் மறைந்தது? வலை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதே நாணலில் தங்கிய சாதாரணத் தகைவிலான்களின் கணக்கைப் பாருங்கள். 1970 வாக்கில் இலட்சக்கணக்கில் இருந்தவை, 1980-81 குளிர்காலத்தில் அதிகபட்சம் 8,000 ஆகச் சுருங்கிவிட்டன. அவை உலகெங்கும் பரவியிருப்பதால் ஓர் ஏரியில் குறைந்தாலும் இனம் பிழைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் மட்டும் இருந்த பறவை அவற்றோடு ஒரே வலையில் சிக்கினால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு நாணல் வெட்டுவதும் தாமரை, நெல் பயிரிடுவதும் ஏரியின் விளிம்புகளைத் தின்றன.

ஆனால் வலையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. இந்தப் பறவை எங்கே முட்டையிட்டது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது! பூங் போராபெட்டில் அது தென்பட்டது நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே. மற்ற மாதங்களில் எங்கே போனது? காங்கோ உறவினரை வைத்து ஊகித்தால், மழைக்கு முன்பு, ஏப்ரல், மே வாக்கில், ஏதோ ஒரு பெரிய ஆற்றின் மணல்திட்டில் வளை தோண்டியிருக்க வேண்டும். அந்தக் கனமான கால்களுக்கும் அப்போது பொருள் கிடைக்கிறது. வட தாய்லாந்தின் நான், யோம், வாங் நதிகளில் 1969லேயே தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பிங் நதியில் 1964லும் நான் நதியில் 1974லும் பெரிய அணைகள் எழுந்துவிட்டன. அணை கட்டிய ஆற்றில் நீர் ஏறுவதும் இறங்குவதும் பருவத்தின் கையில் இல்லை, மணல்திட்டு எப்போது மூழ்கும் என்று பறவைக்குத் தெரியாது. பிங் நதி அணைக்கு மன்னர் பூமிபோலின் பெயர். நான் நதி அணைக்கு அரசி சிரிகிட்டின் பெயர். பறவைக்கு அவர்களின் மகள் பெயர். அணைகள்தான் பறவையை அழித்தன என்று கூற ஆதாரம் கிடையாது. மூன்று பெயர்களும் ஒரே குடும்பத்தில் அமைந்தது மட்டும் மனத்தை என்னவோ செய்கிறது.

தேடியவர்களின் ஆர்வம் சில வேளைகளில் வேடிக்கையாகவும் முடிந்திருக்கிறது. 1986ல், பழைய சீன ஓவியம் ஒன்றில் இருக்கும் பறவை இதுவாக இருக்கலாம், ஆகவே இது சீனாவில் முட்டையிடுகிறதோ என்று ஒரு பறவையியல் இதழில் கேள்வி எழுந்தது. மறு ஆண்டே இன்னொருவர் ஓவியத்தை அலகு, வால், நிறம் என்று அலசி, அது ஆற்றங்கரைகளில் ஓடித் திரியும் பிராட்டின்கோல் என்ற முற்றிலும் வேறான பறவையாக இருக்கலாம் என்று எழுதினார். நிபுணர்களுக்கே இந்த நிலைமை என்றால், மங்கிய வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்தவரின் சொல்லை அப்படியே ஏற்க முடியாதல்லவா?

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பறவையை அற்றுப்போன இனம் என்று அறிவிக்கவில்லை. மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. முட்டையிடும் இடமே தெரியாத பறவை அந்த இடத்தில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மியன்மாரிலும் தென் சீனாவிலும் சரியாக ஆராயப்படாத ஆறுகள் இன்னும் இருக்கின்றன. பத்துப் பறவைகளின் பதப்படுத்திய உடல்கள், தங்க நாணயம், அஞ்சல் தலை, இவை தவிர, வலைக்காரர்கள் சொன்ன அந்தப் பழைய பெயரும் மிஞ்சியிருக்கிறது. இனி யாராவது ஆற்று மணலில் ஒரு கறுப்புப் பறவையைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது வாலை அல்ல. அலகு மஞ்சளா, கண் வெள்ளையா என்பதைத்தான்.